சொல்லி விற்றால் வீடு, மறைத்து விற்றால் வினை

(பட்டிமன்றத் தலைப்பு: ‘விதிமீறிக் கட்டிய வீடு கைமாறும்போது பெரிய பொறுப்பு யாருக்கு? விற்பவருக்கா, வாங்குபவருக்கா?’ ‘விற்பவருக்கே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

மரியாதைக்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே! அரங்கம் நிறைந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் வைத்த பாலைக்கூட மறந்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரொம்ப வேகமாப் பேசினாரு. ‘வெண்டைக்காய் வாங்கினாக்கூட நுனியை ஒடிச்சுப் பார்த்து வாங்குறோமே, வீடு வாங்குறவன் பார்த்து வாங்க வேண்டாமா?’ன்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்க்கலாம். வீட்டுத் தூணை ஒடிச்சுப் பார்க்க முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

வெண்டைக்காய் முத்தல்னா ஒரு வேளைக் குழம்பு கெட்டுப்போகும். வீடு முத்தல்னா ஒரு தலைமுறை கெட்டுப்போகும். அதனால இந்த விஷயத்தை நாம கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும்.

முதல்ல, விதிமீறல்னா என்ன? சென்னையில ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுர அடி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அடுக்குமாடி உயரத்துக்குப் போகாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனை எவ்வளவோ, அதுல இரண்டு மடங்கு கட்டலாம். 2400 சதுர அடி மனையில எல்லா மாடியும் சேர்த்து 4800 சதுர அடி. அதுலயும் முன்னால, பின்னால, பக்கவாட்டுல இவ்வளவு இடம் காலியா விடணும்னு கணக்கு இருக்கு.

நாம என்ன செய்றோம்? பிளான்ல கார் நிறுத்துற இடம்னு இருக்கும். நேர்ல போய்ப் பார்த்தா மளிகைக்கடை. பிளான்ல மொட்டைமாடி. நேர்ல அங்கே ஒரு குடும்பம் மூணு வருஷமா வாடகைக்கு இருக்கு. (சிரிப்பு) பிளான்ல பக்கத்துல காலியிடம். நேர்ல அங்கே மாடிப்படி, அதுக்குக் கீழே குளியலறை, அதுக்கும் கீழே கழிவுநீர்த் தொட்டி. பிளானையும் வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ‘இவங்க ரெண்டு பேரும் ஒரு தாய்ப் பிள்ளைகளா?’ன்னு நமக்கே சந்தேகம் வந்துடும். (சிரிப்பு, கைதட்டல்)

‘பக்கத்துல நாலு அடி விட்டா என்ன, விடாட்டி என்ன?’ன்னு கேக்கிறவங்க உண்டு. அந்த நாலு அடியிலதான் ஐயா காத்து வருது. அந்த நாலு அடியிலதான் மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்குது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தீப்பிடிச்சா, ஏணியைச் சாத்துறதுக்கும் ஆளை இறக்குறதுக்கும் அந்த நாலு அடிதான். விதியை எழுதினவங்க நமக்கு விரோதி இல்லை. அவங்க கணக்குப் பார்த்தது நம்ம உயிரை.

சரி, விதியை மீறிக் கட்டியாச்சு. இப்ப விக்கணும். கேள்வி அங்கேதான் வருது. எதிரணித் தலைவர் சொன்னாரு, ‘வாங்குறவன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கட்டும், பட்டா பார்க்கட்டும், வரி ரசீது பார்க்கட்டும்’னு.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. வில்லங்கச் சான்றிதழ்ல என்ன இருக்கும்? அந்தச் சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குன்னு இருக்கும். யார் யாருக்கு வித்தாங்க, எந்த வங்கியில அடமானம் வச்சாங்க, எல்லாம் வரும். மாடியில ஒரு ரூம் அனுமதி இல்லாமக் கட்டினது அதுல வருமா? வராது! பட்டாவுல வருமா? பட்டா நிலத்தைப் பத்திச் சொல்லும். அதுக்கு மேல எத்தனை மாடி ஏறியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. வரி ரசீதுல வருமா? அனுமதி இல்லாத கட்டடமா இருந்தாலும் வரியை வாங்கிக்குவாங்க. வரி கட்டினதாலேயே கட்டடம் சட்டப்படி சரியாயிடாது. மின்சார ரசீதும் அப்படித்தான். மீட்டர் ஓடுறதாலேயே கட்டடம் யோக்கியம்னு அர்த்தமில்லை.

ஆக, அண்ணன் பார்க்கச் சொன்ன நாலு காகிதத்தையும் ஒரு மனுஷன் ஒழுங்காப் பார்த்துட்டு, ஒரு குறையும் தெரியாம ஏமாந்து நிக்க முடியும். பார்க்காம ஏமாந்தவனை நீங்க திட்டுங்க. பார்த்தும் ஏமாந்தவனை என்ன சொல்லுவீங்க? (கைதட்டல்)

உண்மையைச் சொல்லணும்னா வாங்குறவங்க கிட்டயும் தப்பு இருக்கு. நான் மறுக்கலை. வீடு பார்க்கப் போறப்போ நாம யாரைக் கூட்டிட்டுப் போறோம்? வாஸ்து பார்க்கிறவரை! அவர் திசைகாட்டியை வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்துறாரு. ‘தென்மேற்கு மூலை கனமா இருக்கு, ரொம்ப விசேஷம்’ங்கிறாரு. அது கனமா இருக்கக் காரணமே அனுமதி இல்லாமக் கட்டின ரூம்தான்! (சிரிப்பு) வாசல் கிழக்கா வடக்கான்னு பார்த்தோமே, பிளான்ல அந்த இடத்துல வாசலே இருக்கான்னு பார்த்தோமா? இல்லை. அதனால வாங்குறவருக்குப் பொறுப்பே கிடையாதுன்னு நான் சொல்ல வரலை. பெரிய பொறுப்பு யாருக்குங்கிறதுதான் தலைப்பு.

வீட்டுக் குறையில மூணு வகை இருக்கு நடுவர் அவர்களே. ஒண்ணு, கண்ணால பார்த்தாத் தெரியிற குறை. சுவர்ல விரிசல், கூரையில ஒழுக்கு. ரெண்டாவது, கேட்டாத் தெரியிற குறை. ‘அங்கீகரிச்ச வரைபடம் எங்கேங்க?’ன்னு கேட்டு, டேப்பு பிடிச்சு அளந்து பார்த்தாத் தெரிஞ்சுடும். மூணாவது, விக்கிறவர் வாயைத் திறந்தா மட்டும்தான் தெரியிற குறை. அஸ்திவாரம் ஒரு மாடிக்குப் போட்டது, அதுக்கு மேல மூணு மாடி ஏத்தியிருக்கு. இது யாருக்குத் தெரியும்? ‘விதிமீறலை இடிங்க’ன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னால நோட்டீஸ் வந்தது, அது பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியில பத்திரமா இருக்கு. இது யாருக்குத் தெரியும்? (சிரிப்பு)

முதல் வகைக்கு வாங்குறவர் பொறுப்பு, ஒத்துக்கிறேன். ரெண்டாவது வகைக்கு ரெண்டு பேரும் பொறுப்பு, அதையும் ஒத்துக்கிறேன். மூணாவது வகைக்கு யார் பொறுப்பு? உயிரைப் பறிக்கிற குறையெல்லாம் பெரும்பாலும் இந்த மூணாவது வகையிலதானே ஐயா ஒளிஞ்சிருக்கு!

எதிரணியில வழக்கறிஞர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு. அவர் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து வீசினாரு. ‘விக்கிறவன் வாயை மூடிக்கிட்டு இருந்தான்னு சொல்லி ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாது, சாதாரண முயற்சியில நீ கண்டுபிடிச்சிருக்கலாம்னா அது உன் தப்புன்னு 19-வது பிரிவு சொல்லுது’ன்னு சொன்னாரு. நான் சட்டம் படிச்சவ இல்லை. ஆனா அண்ணன் 1872-லேயே நின்னுட்டாரு. இன்னும் பத்து வருஷம் தாண்டி வந்திருந்தா, 1882-ல சொத்து மாற்றுச் சட்டம் இருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

அதுல 55-வது பிரிவு. விக்கிறவரோட கடமைகளை வரிசையா எழுதும்போது, முதல் கடமையா எதைச் சொல்லுது தெரியுமா? சொத்துல இருக்கிற முக்கியமான குறை, விக்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவருக்குத் தெரியாம, வாங்குறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததா இருந்தா, அதை விக்கிறவர் வெளிப்படுத்தணும்னு சொல்லுது. ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்காத வரைக்கும் இதுதான் விதி. அதோட விட்டுதா? அந்தப் பிரிவோட கடைசியில, இப்படிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டா அது மோசடின்னே எழுதியிருக்கு. ‘மறதி’ன்னு எழுதலை. ‘வியாபார சாமர்த்தியம்’னு எழுதலை. மோசடின்னு எழுதியிருக்கு. (பலத்த கைதட்டல்)

இன்னொரு அழகும் அந்தப் பிரிவுல இருக்கு. சொத்துல விக்கிறவருக்கு இருக்கிற உரிமையோட மதிப்பைக் கூட்டுற ஒரு சங்கதி வாங்குறவருக்குத் தெரிஞ்சு, விக்கிறவருக்குத் தெரியாம இருந்தா, வாங்குறவரும் சொல்லணும். யாருக்குத் தெரியுமோ அவர் சொல்லணும், அதான் தராசு. விதிமீறல் யாருக்குத் தெரியும்? கொத்தனாருக்குப் பக்கத்துல நின்னு ‘இன்னும் ரெண்டு அடி தள்ளிக் கட்டுப்பா’ன்னு சொன்னவருக்குத் தெரியும்!

அடுத்து இலக்கியத்துக்கு வர்றேன். எதிரணித் தலைவர் சிலப்பதிகாரத்தைத் தொட்டாரு. ‘பாண்டியன் விசாரிக்கலை, அதனால கெட்டான். விசாரிக்காதவன் கெடுவான்’னு சொன்னாரு. சரிதான். பாண்டியன் விசாரிக்காதது பிழைதான். அதுக்கு அவன் உயிரையே கொடுத்தான். ஆனா ஐயா, அந்தப் பிழைக்கு வித்துப் போட்டது யாரு? பொற்கொல்லன்! அரசியோட சிலம்பு எங்கே போச்சுன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதை மறைச்சான். மறைச்சதோட நிக்கலை, தன் குற்றத்தை ஒண்ணும் தெரியாத ஒரு வெளியூர்க்காரன் தலையில கட்டினான். இன்னைக்கு நம்ம ஊர்ல நடக்கிறது அதே கதைதானே? விதியை மீறினது ஒருத்தர். நோட்டீஸ் வாங்குறது, ஒண்ணும் தெரியாம வந்து குடியேறின இன்னொருத்தர்! (பலத்த கைதட்டல்)

அதே காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பத்திப் பட்டினப்பாலை என்ன சொல்லுது? தாங்க வாங்குறதுல கூடுதலா எடுக்க மாட்டாங்களாம், கொடுக்கிறதுல குறைச்சுக் கொடுக்க மாட்டாங்களாம். வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசும்போது வாணிகத்தைக் கொண்டு வந்து வைக்கிறாரே, ஏன்? அடுத்தவன் பொருளையும் தன் பொருள் போலப் பார்க்கிறவன்தான் வணிகன்ங்கிறாரு. வீடு விக்கிறதும் ஒரு வாணிகம்தான் ஐயா. ஆயுசுல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ செய்ற வாணிகம். அதுலயாவது நேர்மையா இருக்க வேண்டாமா?

‘ஊரே அப்படித்தாம்மா இருக்கு, நான் மட்டும் அரிச்சந்திரனா இருந்து என்ன பண்ண?’ன்னு ஒரு வாதம். ஊர் முழுக்கச் சாக்கடை ஓடுதுன்னு நாம அதுல தண்ணி மொண்டு குடிக்கிறோமா?

‘பின்னால வரன்முறைப்படுத்திக்கலாம், அரசாங்கமே திட்டம் கொண்டு வருது’ன்னு இன்னொரு வாதம். நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏ, 113-சின்னு பிரிவுகளைச் சேர்த்து, அபராதக் கட்டணம் வாங்கிக்கிட்டுச் சில மீறல்களுக்கு விலக்குக் கொடுத்தது உண்மை. ஆனா அதெல்லாம் ஒரு தேதியோட நின்னுடும். 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-ஆம் தேதி வரைக்கும் கட்டி முடிச்ச கட்டடத்துக்குத்தான். போன வருஷம் மொட்டைமாடியில ரூம் போட்டுட்டு 2007-ஐக் காட்டினா நடக்குமா? வராத திட்டத்தை நம்பி வாங்குறவன் கிட்ட வாக்குக் கொடுக்கிறது, பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற கதை. (சிரிப்பு)

‘ஒண்ணும் ஆகாது, இத்தனை வருஷமா நிக்குதே’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க பாருங்க, அதைக் கேட்டா எனக்கு வயிறு கலங்குது. போரூர் பக்கம் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, மழை பெய்துக்கிட்டிருந்த ஒரு சாயங்காலம். கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிஞ்சு உட்கார்ந்தது. 61 உயிர் நடுவர் அவர்களே, 61 உயிர். பக்கத்துல நின்ன அதே மாதிரி இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க. அதுல வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவங்க, தங்களோட வருங்காலம் புழுதியாப் போறதைப் பார்த்தாங்க.

கேரளத்துல கொச்சி பக்கம் மரடு. கடலோரக் கட்டுப்பாட்டு விதியை மீறிக் கட்டினதுன்னு நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019 மே மாசம் தீர்ப்புச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 ரெண்டு நாள்ல நாலும் மண்ணாப்போச்சு. 300-க்கு மேல வீடுகள். அதுல குடியிருந்தவங்க பத்திரம் பதிஞ்சவங்க, வரி கட்டினவங்க, வங்கிக் கடன் வாங்கினவங்க. அண்ணன் கேட்ட காகிதம் அத்தனையும் கையில வச்சிருந்தவங்க! ஆளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பணம் வரும். பிள்ளை தவழ்ந்து பழகின தரை திரும்பி வருமா?

டில்லிக்குப் பக்கத்துல நொய்டா. 2022 ஆகஸ்ட் 28. ஏறக்குறைய 100 மீட்டர் உயரம், ரெட்டைக் கோபுரம். பத்து வினாடிகூட ஆகலை, தரைமட்டம். அது செய்த முக்கியமான குற்றம் என்ன? பக்கத்துக் கட்டடத்துக்கும் தனக்கும் நடுவுல விட வேண்டிய இடத்தை விடலை. நான் முதல்ல சொன்னேனே, அந்த நாலு அடி சங்கதிதான். அங்கே அது மீட்டர் கணக்குல இருந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய கம்பெனி கட்டினது, எங்க வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. கட்டி விக்கிற நிறுவனத்தைப் பிடிக்க 2016-ல ஒரு சட்டம் வந்துடுச்சு. ஒப்படைச்ச அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சு எழுதிக் கொடுத்தா, 30 நாளுக்குள்ள இலவசமாச் சரிபண்ணிக் கொடுக்கணும்னு இருக்கு. ஆனா நம்ம தெருவுல ஒருத்தர் தான் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருத்தருக்கு விக்கிறாரே, அங்கே அந்தச் சட்டம் காவலுக்கு வராது. அந்த 1882-ஆம் வருஷத்துச் சட்டமும் விக்கிறவரோட மனசாட்சியும்தான் காவல்.

2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, பணிநிறைவுச் சான்று, குடியேறும் சான்று இதையெல்லாம் பார்த்து உறுதிப்படுத்தின பிறகுதான் வங்கிகள் கட்டடத்து மேல கடன் கொடுக்கணும்னு சொல்லியிருக்கு. சிறிய வீடுகளுக்குத் தமிழ்நாட்டு விதியில அந்தப் பணிநிறைவுச் சான்றுல விலக்கு உண்டு. ஆனா பிளான்படி கட்டணும்ங்கிறதுல யாருக்கும் விலக்கு இல்லை. இனிமே பிடி இறுகிக்கிட்டேதான் போகும். மறைச்சு வாங்கின வீட்டை அவரும் மறைச்சுத்தான் விக்கணும். வேப்பமரத்துல இருந்த பேயை ஓட்டி அடுத்த வீட்டுப் புளியமரத்துல ஏத்துற கதையா, அந்த வீடு கைமாறிக்கிட்டே இருக்கும். எந்தக் கையில இருக்கும்போது இடி விழும்னு யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர். முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, அம்மாவோட வளையல், எல்லாத்தையும் சேர்த்து இரண்டாவது மாடியில ஒரு வீடு வாங்கினார். பால் காய்ச்சி ஆறு மாசம் ஆகலை. கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. அந்த இரண்டாவது மாடிக்கே அனுமதி இல்லையாம். நோட்டீஸ்ல யார் பேர்? இப்ப யார் உரிமையாளரோ அவர் பேர். அடிச்சுப் பிடிச்சு வித்தவருக்குப் போன் பண்ணினா, ‘சார், பத்திரம் முடிஞ்ச அன்னைக்கே நம்ம கணக்கு முடிஞ்சுபோச்சு’ன்னு சொல்லிட்டார். அப்புறம் விசாரிச்சா, முதல் நோட்டீஸ் வித்தவர் காலத்துலயே வந்திருக்கு. அந்தப் பெரியவர் மஞ்சள் பையில ஃபைலை வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குறார். சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூட வாய் திறந்து கேக்காத மனுஷன் நடுவர் அவர்களே. அவர் என்ன பாவம் செஞ்சார்? எதிர்ல உட்கார்ந்து காபி குடிச்சவர் உண்மை சொல்வார்னு நம்பினார். நம்பினதா குற்றம்?

விக்கிறவர் கையெழுத்துப் போடுற பத்திரத்தை என்னைக்காவது முழுசாப் படிச்சிருக்கீங்களா? ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ன்னு எழுதியிருக்கும். புத்திரனும் பேரனும் அனுபவிக்கிறது இருக்கட்டும், வாங்கின மனுஷன் ஒரு தீபாவளி கொண்டாட வேண்டாமா? (சிரிப்பு, கைதட்டல்) அடுத்து வரும், ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாகவும் உறுதி கூறுகிறேன்’னு. உறுதி கூறினது யாரு? வாங்குறவரா? விக்கிறவர்! பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கட்டைவிரல் ரேகை எல்லாம் வச்சுட்டு, வெளியே வந்து ‘பொறுப்பு எனக்கில்லை’ன்னா, அந்த விரல் எதுக்கு? (பலத்த கைதட்டல்)

‘சொன்னா விலை குறையுமே?’ இதுதான் கடைசி வாதம், உண்மையான வாதமும் இதுதான். மத்ததெல்லாம் இதுக்குப் போட்ட போர்வை. ஆமா, குறையும். குறைய வேண்டியதுதான்! அம்பது லட்சம்னு சொன்ன வீடு, குறையைச் சொன்னா நாப்பத்தஞ்சுக்குத்தான் போகும்னா, அந்த வீட்டோட விலையே நாப்பத்தஞ்சுதான். மீதி அஞ்சு லட்சம் உங்க பணம் இல்லை. அது அடுத்தவன் வீட்டுப் பொண்ணு கல்யாணப் பணம். (கைதட்டல்)

எங்க தெருவுல ஒரு அம்மா இருந்தாங்க. கணவர் காலமாயிட்டார், மகன் வெளியூர்ல. வீட்டை விக்க ஏற்பாடு. தரகர் முதல்லயே சொல்லிட்டார், ‘அம்மா, நீங்க காபி மட்டும் கொடுங்க, பேச்சை நான் பார்த்துக்கிறேன்’னு. பார்க்க வந்தவங்க ஒரு வாத்தியார் தம்பதி, கூட ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அந்த அம்மா காபி கொடுத்தாங்க. கொடுத்துட்டு உள்ளே போய்ப் பழைய நீலநிற வரைபடத்தை எடுத்துட்டு வந்து விரிச்சாங்க. ‘தம்பி, இதைப் பாருங்க. கீழ் வீடு இதுல இருக்கு. மாடி ரூம் இதுல இல்லை. அவர் ஆசைப்பட்டுக் கட்டினார். அஸ்திவாரம் போட்டப்போ மாடி நினைப்பே கிடையாது. அதுக்கு மேல நீங்க இன்னொண்ணு ஏத்திடாதீங்கப்பா, கீழே பிள்ளைங்க படுத்திருக்கும்’னு சொன்னாங்க.

தரகர் தலையில கையை வச்சுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்துட்டார். (சிரிப்பு) அந்தத் தம்பதி போயிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒரு எஞ்சினியரோட திரும்பி வந்தாங்க. பார்த்தாங்க, மூணு லட்சம் குறைச்சுக் கேட்டாங்க, அந்த அம்மா சரின்னாங்க. மாடி ரூம் அனுமதி இல்லாததுன்னு பத்திரத்துலயே எழுதிக்கிட்டாங்க. புதுமனை புகுவிழா அன்னைக்குக் குத்துவிளக்கு ஏத்துறதுக்கு அந்த வாத்தியார் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? வீட்டை வித்த அந்த அம்மாவை! வித்தவங்களைக் கண்டாலே மண்ணை வாரித் தூத்துற காலத்துல, வித்தவங்க கையால விளக்கு ஏத்தின வீட்டை அன்னைக்குத்தான் நான் பார்த்தேன். மூணு லட்சம் போச்சுதான். அந்த மரியாதையை எந்தப் பதிவு அலுவலகத்துல வாங்க முடியும்? (நீண்ட கைதட்டல்)

மணி அடிக்கிறீங்க, முடிச்சிடுறேன் ஐயா.

வாங்குற தாய்மார்களே, வாஸ்துக்காரரை வேணும்னாக் கூட்டிட்டுப் போங்க, கூடவே ஒரு எஞ்சினியரையும் கூட்டிட்டுப் போங்க. அங்கீகரிச்ச வரைபடத்தைக் கேளுங்க. ‘இருக்கு, எங்கேயோ வச்சுட்டேன்’னு சொன்னா, அது கிடைக்கிற வரைக்கும் முன்பணம் கொடுக்காதீங்க. ‘ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கா?’ன்னு நேராக் கேளுங்க, பதிலை ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

விக்கிற பெரியவர்களே, உங்களுக்கு மூணு வழி இருக்கு. மீறினதை இடிச்சுட்டு வில்லுங்க. முறைப்படுத்த வழி இருந்தா முறைப்படுத்திட்டு வில்லுங்க. ரெண்டும் முடியலையா, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிட்டு, அதுக்கேத்த விலைக்கு வில்லுங்க. நாலாவது வழியா மறைச்சு விக்கிறது இருக்கு. அந்த வழியில போனவங்களுக்குப் பணம் வந்திருக்கலாம். தூக்கம் வந்திருக்குமா?

கேக்கிற கடமை வாங்குறவருக்கு உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா கேக்காமலே சொல்ல வேண்டிய கடமை தெரிஞ்சவருக்கு உண்டு. கேக்கத் தெரியாதவன் நஷ்டப்படுவான். சொல்லத் தெரிஞ்சும் சொல்லாதவன் பாவப்படுவான். எனவே நடுவர் அவர்களே, விதிமீறிக் கட்டிய வீடு கைமாறும்போது பெரிய பொறுப்பு விற்பவருக்கே, விற்பவருக்கே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)